பட்டியலில் இல்லாதவளுக்கு ஒரு பிடிஎப்

எங்கட பீடத்தில ஒரு பாடத்தைத் தெரிவு செய்யிறதா விடுறதா என்று யோசிக்கிறவை இரண்டு கேள்வி கேட்பினம். ஆர் படிப்பிக்கிறது? நோட்ஸ் ஆரிட்ட இருக்கு? இரண்டாவதுக்கு நல்ல விடை கிடைத்தால் முதலாவதைப் பெரிசாகக் கணக்கெடுக்கத் தேவையில்லை என்பது சீனியர்மார் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

அந்த நோட்ஸ் இப்ப கொப்பியாக வருவதில்லை, வட்ஸ்அப்பில் பிடிஎப் ஆக வருகுது. என்ட போனில இருக்கிற கோப்புகளின் பெயரைப் பார்த்தாலே பீடத்தின்ர கதை கொஞ்சம் விளங்கும். 'ஸ்கான் 14', 'புதிய ஆவணம் 3', 'இறுதி', 'இறுதி சரியானது', 'அக்கான்ர நோட்ஸ் பக்கம் 9 இல்லை'. திறந்தால் ஒரு மூலையில பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற பெருவிரல் தெரியும். கீழே கேம்ஸ்கேனர் அடையாளம். ஒரே பக்கத்தில் மூன்று பேரின் கையெழுத்து இருக்கும். முதலாம் ஆள் விரிவுரையில் இருந்து எழுதினது, இரண்டாம் ஆள் அதற்குப் பக்கத்தில் பென்சிலால் விளக்கம் எழுதினது, மூன்றாம் ஆள் நட்சத்திரம் போட்டு 'இது வரும்' என்று எழுதினது. இந்த மூன்று பேரில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. ஆனால் அந்த அக்காவின் 'ழ' எப்படி இருக்கும் என்று கேட்டால் இப்பவே எழுதிக் காட்டுவேன்.

தமிழ் மொழிமூலம் கலைப்பீடத்தில் படிக்கிற ஆட்களுக்கு இந்தக் கோப்புகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்று வெளியில இருக்கிறவைக்கு விளங்காமல் போகலாம். வாசிப்புப் பட்டியலில் தரப்படும் புத்தகங்களில் கனக்க ஆங்கிலத்தில் இருக்கு. தமிழில் இருக்கிற சிலதும் நூலகத்தில் ஒரு பிரதி, இரண்டு பிரதிதான். அதை ஆரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார். இதற்கிடையில் ஒரு சீனியர் அக்கா அகராதியும் கையுமாக இருந்து ஒரு ஆங்கில அத்தியாயத்தை வாசித்து, தன்ர தமிழில் பன்னிரண்டு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி வைத்திருப்பா. அந்தப் பன்னிரண்டு பக்கம்தான் எங்களில் பலருக்கு அந்தப் புத்தகம். அது இல்லாவிட்டால் சோதனை மண்டபத்தில் தலைப்பை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எங்கட வயதுக்காரருக்கு இந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தில் தொடங்கினதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடுப்பட்ட நேரம் நாங்கள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். ரீச்சர் கரும்பலகையில் எழுத வேண்டியதைக் கொப்பியில் எழுதி, படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவா. நாங்கள் அதைப் பெருப்பித்துப் பார்த்துத் திரும்பவும் கொப்பியில் எழுதுவோம். பிறகு 2022 இல் கடதாசித் தட்டுப்பாடு வந்தது. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போடுகிற அளவுக்கு நாட்டில் கடதாசி இல்லாமல் போனது. போட்டோகொப்பி விலை ஏறி, நூறு பக்கம் அடிக்கிற காசுக்குச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது. கடதாசியில் கை மாறினது எல்லாம் போனில் கை மாறத் தொடங்கினது அப்படித்தான்.

இதில் ஒரு தொழில்நுட்பமும் இருக்கு. படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிப்போடும், பென்சில் எழுத்து அழிந்து போகும். டொக்கியுமென்ட் ஆக அனுப்பினால்தான் இருந்தபடி போய்ச் சேரும். பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பைப் போனில் திறந்தால் தமிழே இருக்காது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்தின் வடிவம் உட்கார்ந்திருக்கு. அந்த எழுத்துரு போனில் இல்லாவிட்டால் 'அம்மா' என்று அடித்தது 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று வந்து நிற்கும். பிடிஎப் ஆக்கினால் எழுத்துருவும் கோப்போடு சேர்ந்து போகும், வாசிக்கலாம். ஆனால் அதற்குள்ள ஒரு சொல்லைத் தேட ஏலாது. அதால் சோதனைக்கு முதல் நாள் இரவு ஒருத்தர் இருந்து முழு டியூட்டையும் யுனிகோடுக்கு மாற்றிப் போடுவார். அதற்குச் சம்பளமும் இல்லை, புள்ளியும் இல்லை. கீழே நாற்பது பேர் கும்பிடு போடுகிற இமோஜி போடுவினம், அவ்வளவுதான். இந்த நாட்டில் இளம் ஆட்கள் சுயநலம் பிடித்தவை என்று ஆராவது சொல்லும்போது எனக்கு இந்த இரவு வேலைக்காரர்தான் நினைவுக்கு வருவினம்.

இவ்வளவும் நல்ல கதை. இனி மற்றப் பக்கம்.

வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருவதற்கு உங்கட நம்பர் ஆரிட்டயாவது இருக்க வேண்டும். எங்கட நம்பர் எப்படிப் போனது என்று சொல்லுறன். முதலாம் வருசம் முதல் வாரம், விரிவுரை முடிய ஒரு கடதாசி சுற்றி வந்தது. பெயர், ஊர், படித்த பாடசாலை, போன் நம்பர். பட்ச் குழு தொடங்கத்தான் என்று சொன்னார்கள். அன்றிரவே தெரியாத நம்பர்களில் இருந்து அழைப்பு வரத் தொடங்கினது. எடுத்தால் மற்றப் பக்கம் ஒரு சீனியர். ஏன் உடனே எடுக்கேல்ல, ஏன் 'அண்ணா' சொல்லேல்ல, புரொபைல் படத்தை ஏன் இன்னும் மாற்றேல்ல. குழுவில் இருக்கிற எல்லாருக்கும் எல்லாருடைய நம்பரும் தெரியும். ஒரு பெண்பிள்ளைக்கு நோட்ஸ் வேண்டும் என்றால் முன்பின் தெரியாத நூற்றுச் சொச்சம் பேரிடம் தன்ர நம்பரைக் கொடுக்க வேண்டும். அதுதான் நுழைவுக் கட்டணம்.

எங்கட பட்சில் ஒருத்தி இந்தக் கட்டணத்தோடு வந்த மிச்சத்தைக் கட்ட மறுத்தாள். பின்னேரம் விரிவுரை முடிய ஒரு இடத்துக்கு எல்லாரும் வரவேண்டும் என்று ஓடர் வந்தது. அவள் போகவில்லை. அடுத்த நாள் கேட்டதற்கு, "நான் படிக்க வந்தனான் அண்ணா, இதுக்கு வரேல்ல" என்று சொல்லியிருக்கிறாள். குரலைக் கூட்டிச் சொல்லவில்லையாம், நேரம் கேட்டால் நேரம் சொல்லுகிற மாதிரிச் சொன்னதாம். அன்று மத்தியானம் குழுவில் ஒரு சாம்பல் நிற வரி வந்தது. இன்னாரை இன்னார் நீக்கினார்.

அந்த வரியை நூற்றுச் சொச்சம் பேர் பார்த்தோம். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆரோ நேர அட்டவணையைப் போட்டார்கள், அந்த வரி மேலே போய்விட்டது.

இதை வெளியில் சொன்னால் சின்ன விசயமாகத் தெரியும். ஒரு குழுவில் இருந்து எடுத்தது பெரிய குற்றமா? பகிடிவதை என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அடி, காயம், ஆஸ்பத்திரி. ஆனால் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையை உடல் காயத்தோடு நிறுத்தவில்லை. உளக்காயத்தையும், மன வேதனையையும், பயத்தையும் உண்டாக்குகிற செயலையும் சேர்த்துத்தான் சொல்லுது. அந்தக் குழுவில்தான் விரிவுரை மாறின செய்தி வரும், எசைன்மென்ட் திகதி வரும், பாஸ்ட் பேப்பர் வரும், குப்பி எங்கே எத்தனை மணிக்கு என்று வரும். குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்ததில் இருந்துதான் 'குப்பி' என்ற பெயர் வந்தது என்று சொல்லுவார்கள். அந்த வெளிச்சத்தில் ஆர் உட்காரலாம் என்று இப்ப அட்மின் தீர்மானிக்கிறார்.

இதற்குச் சொல்லப்படுகிற நியாயம் எனக்குத் தெரியும். கன்டீனில் ஒரு அண்ணா விளக்கமாகச் சொன்னவர். "நாங்கள் கஷ்டப்பட்டு எழுதின நோட்ஸ். ஒற்றுமைக்கு வராத ஆளுக்கு அதை ஏன் குடுக்கவேணும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கொப்பிக் காலத்தில் அதில் ஒரு பங்கு உண்மையும் இருந்திருக்கலாம். கொப்பியைக் கொடுத்தால் அது திரும்பி வரும்வரை உங்களிடம் இல்லை. சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொடுப்பது உண்மையில் தியாகம். ஆனால் பிடிஎப்பைக் கொடுத்தால் என்ன குறையுது? அது உங்களிடமும் இருக்கு, அவளிடமும் இருக்கு. குழுவில் இடம் இல்லை என்றும் சொல்ல ஏலாது. முன்னம் ஒரு வட்ஸ்அப் குழுவில் 256 பேர்தான் இருக்கலாம், 2022 இல் அது 1024 ஆகிவிட்டது. கோப்பின் அளவும் அதே வருசம் 100 எம்பியில் இருந்து 2 ஜிபிக்குப் போனது. ஆக, மறுப்பதால் கொடுக்கிற ஆளுக்கு ஒரு லாபமும் இல்லை. தண்டிக்கிறதைத் தவிர அந்த மறுப்புக்கு வேற வேலை இல்லை.

இன்னொன்று. அந்த அக்காமார் எழுதி வைத்த நோட்சை இந்த அட்மின்மார் எழுதவில்லை. நாலு பட்சுக்கு முன்னால ஆரோ ஒருத்தி தன்ர தம்பி தங்கச்சி மாதிரி வாற ஆட்களுக்குப் பிரயோசனப்படட்டும் என்று எழுதி விட்டுப் போனது. அதைத் தாண்டி வந்த கைகளில் ஒன்று இடையில் நின்று, 'இவளுக்கு இல்லை' என்று சொல்ல அதற்கு ஆர் உரிமை கொடுத்தது?

நான் அவளுக்கு அனுப்பத் தொடங்கினது மூன்றாம் வாரம். குழுவில் வந்த கோப்பை நேரே போர்வேட் பண்ணினால் மேலே 'போர்வேட் செய்யப்பட்டது' என்ற அடையாளம் விழும். 2018 இல் வதந்திகளைக் குறைக்க என்று கொண்டுவந்த வசதி அது. யாராவது அவளின்ர போனை வாங்கிப் பார்த்தால் கேள்வி வரும். அதால் முதலில் தரவிறக்கி, பெயரை மாற்றி, புதிதாக இணைத்து அனுப்புவேன். கூடவே ஒரு வரி எழுதுவேன்: "இந்தா. நான் தந்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாத." அவள் 'சரி' என்று மட்டும் எழுதுவாள். வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை. இரண்டு வருசம் இப்படியே போனது.

போன வருசம், எங்களை விரட்டின பட்ச் வெளியேறின பிறகு, முதல் தரம் அவளோடு கன்டீனில் பயமில்லாமல் இருந்து தேத்தண்ணி குடித்தேன். கதை கதையாய் வர, அவள் சிரித்துக்கொண்டு கேட்டாள். "எனக்கு ஒவ்வொரு நோட்ஸும் நாலு தரம் வாறது தெரியுமோ?"

எனக்கு விளங்கவில்லை.

"நீ அனுப்புவாய். பிறகு இன்னும் மூண்டு பேர் அனுப்புவினம். நாலு பேரும் 'ஒருத்தருக்கும் சொல்லாத' எண்டு எழுதுவியள். நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

மற்ற மூன்று பேர் ஆர் என்று அவள் அப்பவும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. நாலு பேர் தனித்தனியாக இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அதே கோப்பை, அதே பயத்தோடு, அதே வரியை எழுதி அனுப்பியிருக்கிறோம். விரிவுரை மண்டபத்தில் ஒருவேளை ஒரே வாங்கில் இருந்திருப்போம். அந்தச் சாம்பல் நிற வரி வந்த அன்றைக்கு நாலு பேரும் சேர்ந்து "ஏன்?" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்களையும் எடுத்திருப்பார்கள். ஆனால் அப்ப வெளியில் ஐந்து பேர் இருந்திருப்போம். ஐந்து பேர் என்றால் அது இன்னொரு குழு.

பகிடிவதை எப்படி வேலை செய்யுது என்று கருத்தரங்குகளில் நிறையச் சொல்லுவார்கள். நான் விளங்கிக்கொண்டது இதுதான்: நல்லது செய்கிற ஆட்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கும்வரைக்கும் அதற்கு ஆபத்து இல்லை.

கோப்பு என்றால் நோட்ஸ் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எந்தக் குழுவில் ஒரு பாஸ்ட் பேப்பருக்கு இவ்வளவு காவல் இருந்ததோ, அதே ஆட்கள் வைத்திருந்த இன்னொரு குழுவில் எங்கட பட்ச் பிள்ளைகளின் படங்கள் காவல் இல்லாமல் சுற்றினது பிறகு தெரிய வந்தது. பஸ் தரிப்பிடத்தில் நின்றது, நூலகத்தில் குனிந்து படித்தது, ஸ்டேட்டசில் போட்டதை ஸ்கிரீன்ஷொட் எடுத்தது. கீழே என்னென்ன எழுதியிருந்தார்கள் என்று இங்கே எழுத விருப்பமில்லை. அதற்கு அட்மின் ஒருவரையும் நீக்கவில்லை. பூட்ட வேண்டியதைத் திறந்து வைத்து, திறக்க வேண்டியதைப் பூட்டி வைத்திருக்கிற இடமாக அந்தக் குழுக்கள் இருந்தன. இரண்டும் ஒரே அதிகாரம்தான். எது ஆருக்குப் போகலாம் என்று தாங்களே தீர்மானிப்போம் என்ற அதிகாரம்.

1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி நாங்கள் வருசா வருசம் எழுதுகிறோம், பேசுகிறோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் என்ற எண் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். வாசிக்கிறதை ஒரு சனத்திடம் இருந்து பறிப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று எங்களுக்கு ஆரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நினைவு நாளுக்கு ஸ்டேட்டஸ் போட்ட கையே ஒரு பட்ச்மேட்டுக்குப் பன்னிரண்டு பக்கம் போகக்கூடாது என்று காவல் இருந்ததைக் கண்டபோது, எங்கட துக்கத்தில் எவ்வளவு பங்கு பழக்கதோசம் என்ற கேள்வி வந்தது.

இன்னொரு வழியும் எங்களுக்கு முன்னால இருக்கு. 2005 இல் தொடங்கின நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பழைய பத்திரிகைகளையும் ஆரும் போய் வாசிக்கலாம். அதற்குள் போக உங்கட நம்பரை ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் ஆருடைய பட்ச், ஆருக்குத் தலை குனிந்தனீங்கள் என்று கேட்பதில்லை. எனக்கு அதில் பிடித்ததே இந்த ஒன்றும் கேட்காத குணம்தான்.

வட்ஸ்அப் அப்படி இல்லை. அது கையில இருந்து கைக்குப் போகிற வழி, அலுமாரி இல்லை. போன் உடைந்து புதிதாகப் போட்டால், பழைய கோப்பை அமத்தும்போது 'அனுப்பியவரிடம் திரும்பக் கேளுங்கள்' என்று வரும். அனுப்பின அக்கா எப்பவோ கலியாணம் முடித்து நம்பரையும் மாற்றியிருப்பா. எங்கட குழுவில் பிந்தி வந்து சேர்ந்த ஆட்களுக்கு முன்னம் போட்டது ஒன்றும் தெரியாது, திரும்பத் திரும்ப "நோட்ஸ் இருக்கோ?" என்று கேட்க வேண்டியிருக்கும். 2018 மார்ச்சிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கின மாதிரி இன்னொரு தரம் முடக்கினால் அந்த நேரத்துக்கு எல்லாமே நிற்கும்.

அதால் இந்த வருசம் நாங்கள் சிலர் ஒரு வேலை செய்தோம். தனியாக ஒரு கூகுள் கணக்கு திறந்தோம். இலவசமாக 15 ஜிபி கிடைக்குது. எங்களிடம் இருந்த மூன்று வருச நோட்ஸ், பாஸ்ட் பேப்பர், யுனிகோடுக்கு மாற்றின டியூட் எல்லாம் சேர்த்தும் 2 ஜிபியைத் தாண்டவில்லை. 'ஸ்கான் 14' எல்லாவற்றுக்கும் தமிழில் ஒழுங்கான பெயர் வைத்தோம்: பாடம், வருசம், அலகு. இணைப்பு இருக்கிற ஆரும் பார்க்கலாம். நம்பர் தேவையில்லை. ஆட்களின் படமோ பெயர்ப் பட்டியலோ அதற்குள் போடுவதில்லை. ஒரு கவிதைத் தொகுப்பின் முழு ஸ்கானும் வந்தது, அதை நாங்கள் ஏற்றவில்லை. எங்கட எழுத்தாளர் பலர் சொந்தக் காசில் சில நூறு பிரதி அடித்து, அதை விற்று முடிக்கவே கஷ்டப்படுகிறவை. அந்தப் புத்தகம் கடையில் இருக்கு, சேர்ந்து காசு போட்டு ஒன்று வாங்கி மாறி மாறி வாசிக்கலாம்.

இதிலும் சிக்கல் இருக்கு. எங்கட பிள்ளைகளில் கனபேர் போடுவது வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் மட்டும் வேலை செய்யிற டேட்டா பக்கேஜ். வட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பினால் வரும், டிரைவ் இணைப்பைத் திறக்க வேறு டேட்டா வேண்டும். வளாகத்து வைபை இருக்கிற இடத்தில் நின்று இறக்கலாம், விடுதிக்குப் போனால் ஏலாது. அதால் கேட்கிற ஆளுக்கு வட்ஸ்அப்பிலும் அனுப்புகிறோம். கடவுச்சொல் இப்ப மூன்று பேரிடம் இருக்கு. நாங்கள் வெளியேற முதல் அடுத்த பட்சில் மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் நாளைக்கு இதையும் பூட்டமாட்டார்கள் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. அதனால் இறக்கி வைத்திருக்கிற ஆட்கள் கூட இருந்தால் நல்லது.

இணைப்பை எங்கட பட்ச் குழுவில் போட்டது அவள்தான். இந்த வருசம்தான் அவளைத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். ஒரு விளக்கமும் எழுதவில்லை. 'எல்லாப் பாடமும் இருக்கு, ஜூனியர்மாருக்கும் குடுங்கோ' என்று மட்டும் எழுதினாள். கீழே சிலர் கும்பிடு போட்டார்கள். ஒரு ஆள் 'இதை ஆர் செய்தது?' என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே நான் என்ட பெயரை எழுதினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெயர் வந்தது, பிறகு இன்னொன்று.

இதை வாசிக்கிற உங்களில் ஆராவது எங்கேயோ ஒரு பீடத்தில், ஆருக்கோ ஒரு கோப்பைப் பெயர் மாற்றி அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். தொடர்ந்து அனுப்புங்கோ. பக்கத்து வாங்கில் இருக்கிற ஆளிடமும் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ, அவரும் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.